பரங்கிமலை அடிவாரத்தில் ஒரு நட்சத்திரக் கடை

நவம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் எங்கள் கடைக்கு இரண்டு கேள்விகள் வரத் தொடங்கும். "பாய், ஸ்டார் வந்துடுச்சா?" என்பது முதல் கேள்வி, கேட்பவர்கள் கிறிஸ்தவ வாடிக்கையாளர்கள். "பாய், இதையெல்லாம் நாம விக்கலாமா?" என்பது இரண்டாவது, கேட்பவர்கள் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள். முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு எங்கள் குடும்பம் கண்ட விடையையும், அதைக் கண்ட விதத்தையும் இங்கே எழுத விரும்புகிறோம். இதே நிலையில் வேறு வணிகக் குடும்பங்களும் இருக்கக்கூடும்.

ஆதம்பாக்கத்தில் நாங்கள் நடத்துவது ஒரு சிறிய ஸ்டேஷனரி, ஃபேன்சி கடை. எங்கள் அத்தா தொடங்கியது. இப்போது சகோதரர்கள் இருவரும், எங்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்து கவனித்து வருகிறோம். ஜூனில் நோட்டுப் புத்தகங்கள், ஆகஸ்டில் தேசியக் கொடி, கார்த்திகையில் அகல் விளக்கு, டிசம்பரில் ஸ்டாரும் சீரியல் லைட்டும் என்று எங்கள் ஆண்டு நகரும். சிறிய கடைகளின் வரவு சீராக இருப்பதில்லை. பள்ளி திறக்கும் காலத்துக்கு அடுத்தபடியாக டிசம்பர் மாதம்தான் எங்களுக்குக் கை கொடுக்கும் மாதம். பிள்ளைகளின் இரண்டாம் பருவக் கட்டணமும் கடை வாடகை பாக்கியும் அந்த வரவிலிருந்தே தீரும். ஆகவே, 'விற்கலாமா?' என்ற கேள்வி எங்களுக்கு வெறும் விவாதப் பொருளாக இருந்ததில்லை.

சரக்கு எடுப்பது பாரிமுனையை அடுத்த தேவராஜ முதலி தெருவில். பரங்கிமலை நிலையத்தில் மின்சார ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்தால், தெரு முழுவதும் ஸ்டார்கள் அடுக்கடுக்காகத் தொங்கும். அங்கே மொத்த வியாபாரம் செய்வோரில் இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் சந்தை என்பது நகரச் சதுக்கத்தில் கூடும் பெரிய விழா. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரச் சந்தை 1434 முதல் நடப்பதாகக் குறிப்பு உள்ளது. நம் சென்னையில் அப்படித் தனியாக ஒரு சந்தை கூடுவதில்லை. பாரிமுனையின் நெரிசலும், தேவாலய வாசல்களின் தள்ளுவண்டிகளும், எங்களைப் போன்ற தெருமுனைக் கடைகளுமே இங்குள்ள கிறிஸ்துமஸ் சந்தை. அதோடு இது வடகிழக்குப் பருவமழைக் காலம். காகித ஸ்டாரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரயிலின் வெண்டர் பெட்டியில் நனையாமல் கொண்டுவந்து சேர்ப்பதே ஒரு சாதனை. டிசம்பர் 6 அன்று சரக்கெடுக்கப் போனால் ரயில் நிலையத்தில் பைகளைத் திறந்து காட்டவும் வேண்டியிருக்கும். தொப்பியும் தாடியுமாக நின்ற எங்கள் மூத்த சகோதரரின் மூட்டையிலிருந்து இருபது கிறிஸ்துமஸ் ஸ்டார்கள் வெளிவந்ததைக் கண்டு, சோதனை செய்த காவலர் ஒருமுறை சிரித்தேவிட்டார்.

இந்த வியாபாரத்தில் இருப்பதால் கிறிஸ்தவர்களின் ஆண்டுக் கணக்கு எங்களுக்கு ஓரளவு அத்துப்படி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலத்தைக் கத்தோலிக்கர் 'திருவருகைக் காலம்' என்பர். அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அன்றைக்கு முன்பாக ஊதா நிறத்தில் மூன்று மெழுகுவர்த்திகளும், இளஞ்சிவப்பில் ஒன்றும் கேட்டு வருவார்கள். பச்சை இலை வளையத்தில் அவற்றை நிறுத்தி, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். இளஞ்சிவப்பின் முறை மூன்றாம் வாரம். இந்த வழக்கம் 1839இல் ஹாம்பர்க் துறைமுக நகரில், ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திய விக்கர்ன் என்ற பாதிரியாரிடம் தொடங்கியது. 'கிறிஸ்துமஸ் எப்போது?' என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நாளை எண்ணிக் காட்ட அவர் செய்த ஏற்பாடு அது என்பர். பெருநாளுக்கு இன்னும் எத்தனை நோன்பு என்று எண்ணும் நம் பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு அவருடைய சிரமம் புரியும்.

எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் கடைதான் எங்களுக்குக் கற்றுத் தந்தது. சில பெந்தெகொஸ்தே சபையினர் கிறிஸ்துமஸே கொண்டாடுவதில்லை. அப்படிப்பட்ட ஒருவர் பிள்ளைக்குப் பேனா வாங்க வந்தபோது, தொங்கும் ஸ்டார்களைப் பார்த்துவிட்டு, "இந்த விஷயத்துல நாங்களும் உங்க மாதிரிதான் பாய்" என்றார்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர், ஜும்ஆ தொழுகைக்குப் பின் எங்கள் அத்தாவைத் தனியே அழைத்து, "இந்த வருமானம் உங்களுக்கு வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். அவர் கடுமையாகப் பேசவில்லை. எங்கள் நலன் நாடியே பேசினார். அன்றிரவு வீட்டில் நீண்ட உரையாடல் நடந்தது. விற்பனையை அடியோடு நிறுத்திவிடலாம் என்பது அத்தாவின் எண்ணம். ஸ்டார் என்பது வெறும் அலங்காரப் பொருள்தானே என்பது இளையவரின் வாதம். அம்மா மட்டும், "ரெண்டு பேரும் உங்க மனசுக்குப் பட்டதைச் சொல்றீங்க. தெரிஞ்சவங்களைக் கேளுங்க" என்றார். ஆகவே ஆலிம்கள் இருவரிடம் சென்று கேட்டோம்.

மக்கா வெற்றியின் ஆண்டில் நபி (ஸல்) அவர்கள் மது, செத்த பிராணி, பன்றி, சிலைகள் ஆகியவற்றின் வியாபாரத்தைத் தடுத்த செய்தி, ஜாபிர் (ரலி) வழியாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இதை அடிப்படையாகக் கொண்டு முதலாமவர் ஓர் அளவுகோலைத் தந்தார். ஒரு பொருள் வணக்கத்துக்கென்றே ஆக்கப்பட்டதா, அல்லது பல வகையிலும் பயன்படுவதா என்று பாருங்கள் என்றார். சீரியல் லைட் கல்யாண வீட்டிலும் எரியும், மீலாது மேடையிலும் எரியும். சிலுவையும் சுரூபமும் அப்படி இல்லை. இரண்டாமவர் இன்னும் பேணுதலான கருத்தைச் சொன்னார்: பண்டிகைக்கென்று வாங்கப்படும் எதையும் அந்த மாதத்தில் விற்காதிருப்பதே உள்ளத்துக்கு நிம்மதி என்றார். இரண்டையும் எங்கள் வீட்டில் எடைபோட்டோம். இறுதியில் முதலாமவரின் அளவுகோலை ஏற்றோம். ஸ்டார், விளக்கு, வண்ணக் காகிதம், மெழுகுவர்த்தி, கேக் பெட்டி ஆகியவை கடையில் இருக்கும். சிலுவை, சுரூபம், குடில் பொம்மைகள், அவை அச்சிட்ட அட்டைகள் இருக்கமாட்டா. குடில் செட்டில்தான் லாபம் அதிகம் என்பதை வியாபாரம் தெரிந்தவர்கள் அறிவார்கள். அந்தப் பெரியவருக்கு எங்கள் முடிவில் முழு உடன்பாடு இல்லை. இன்றும் டிசம்பரில் அவர் எங்கள் கடைப்படி ஏறுவதில்லை. ஸலாமும் நலம் விசாரிப்பும் பள்ளிவாசலில் முன்போலவே தொடர்கின்றன.

இந்த முடிவை எடுத்தபின் எங்கள் பார்வை, தண்டவாளத்துக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் அப்பால் தெரியும் மலையின்மீது வேறுவிதமாகப் படியத் தொடங்கியது. மொட்டை மாடியில் நின்றால் டிசம்பர் இரவுகளில் பரங்கிமலை உச்சியின் விளக்குகள் தெரியும். சுமார் 300 அடி உயரமுள்ள சிறு குன்று. 'பரங்கி' என்ற சொல்லே நம்மவர் வழியாக வந்ததுதான். ஐரோப்பியரை அரபிகள் 'இஃப்ரஞ்ச்' என்றும் பாரசீகர் 'ஃபரங்கி' என்றும் அழைத்தனர். கடல் வணிகத்தோடு அச்சொல் தமிழுக்குள் வந்து பரங்கியாயிற்று. மலை உச்சியிலுள்ள தேவாலயம் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கட்டியது. மேலே ஏறும் படிகளை 18ஆம் நூற்றாண்டில் அமைத்துக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பழைய மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. வணிகர் ஒருவர் ஈட்டிய பொருள் படியாகவும் பாலமாகவும் நின்றதை எண்ணும்போது, கடைக்காரர்களாகிய எங்களுக்குச் சற்றுப் பொறாமை உண்டு.

அந்தத் தேவாலயத்தின் பெருவிழா டிசம்பர் 18 அன்று வரும். பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் மர்யமின் திருநாள் அது. கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. கி.பி. 656இல் ஸ்பெயினின் டொலேடோ நகரில் கூடிய திருச்சபை மன்றம் இந்த நாளைக் குறித்தது. அது ஐபீரிய வழக்கமாக வேரூன்றி, போர்த்துகீசியரின் கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்கு வந்தது. அதாவது, எங்கள் பேட்டையில் திருவருகைக் காலத்தின் மையமாக இருப்பவர் நிறைமாதக் கர்ப்பிணியான ஒரு தாய்.

முஸ்லிம்களுக்கும் இந்தப் பகுதியின் தோமா நினைவிடத்துக்கும் இருந்த உறவைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமா அடங்கிய இடத்துக்குக் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் வருவதாகவும், அவர்கள் அவரை 'அவரியான்' என்ற பட்டத்தால் மதிப்பதாகவும் எழுதியுள்ளார். அது என்ன சொல் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈஸா (அலை) அவர்களின் தோழர்களைத் திருக்குர்ஆன் 'ஹவாரிய்யூன்' என்றே அழைக்கிறது. மயிலாப்பூர்க் கடற்கரையில் அன்று நம் முன்னோர் பேசிய சொல், ஓர் இத்தாலியரின் காதில் விழுந்து ஏட்டில் ஏறிவிட்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துவார்த்தே பார்போசா என்ற போர்த்துகீசியர் மயிலாப்பூர்த் தேவாலயம் சிதைந்து கிடந்ததைக் குறிப்பிடுகிறார். அதைப் பராமரித்து வந்தவர் ஓர் ஏழை முஸ்லிம் ஃபக்கீர் என்றும், யாசித்துப் பெற்ற பொருளைக் கொண்டு அங்கே ஒரு விளக்கை எரியவிட்டார் என்றும் அவர் எழுதுகிறார். அந்த ஃபக்கீரின் செயல் மார்க்கப்படி சரிதானா என்று எங்கள் வீட்டில் ஒரு முழு மாலை விவாதித்தோம். அத்தா இன்றுவரை அதை ஏற்கவில்லை. பாழடைந்த இடத்தில் வழிப்போக்கருக்கு வெளிச்சம் வைத்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்றார் அம்மா.

எங்கள் எல்லைக்கோட்டுக்கு உண்மையான சோதனை ஒரு மூதாட்டியின் வடிவில் வந்தது. அடுத்த தெருவில் தனியாக வசிக்கும் கத்தோலிக்கப் பெண்மணி. ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் பிள்ளைகளில் இருவருக்கு எழுத்தறிவித்தவர். அவருடைய பழைய குடில் செட் மழையில் ஊறிப் பாழாகிவிட்டது. முழங்கால் வலி காரணமாகப் பாரிமுனைக்கோ சாந்தோமுக்கோ அவரால் போக இயலாது. "நீங்கதான் சரக்கெடுக்கப் போறீங்களே, எனக்கு ஒரே ஒரு செட் வாங்கிட்டு வந்துடுங்க. காசு இப்பவே தர்றேன்" என்றார். கடையில் விற்பதில்லை என்பது சரி; ஒருவருக்காக வாங்கி வருவது விற்பனை ஆகுமா? ஆலிமைக் கேட்காமலே எங்களுக்கு விடை தெரிந்திருந்தது. ஆனால், பிள்ளைகளுக்கு அ, ஆ கற்றுத் தந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது?

எங்கள் அம்மாதான் நேரில் சென்று சொன்னார். "டீச்சர், அதை எங்க கையால வாங்கித் தர்றது எங்க மார்க்கத்துல இல்ல. தப்பா நினைக்காதீங்க. ஆனா உங்களைக் கூட்டிட்டுப் போக முடியும்." டீச்சரின் முகம் ஒரு கணம் வாடியதாக அம்மா கூறினார். மறுநாள் மாலை அம்மாவும் எங்கள் வீட்டு மருமகளும் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, தேவாலயத்தை ஒட்டியுள்ள ஒரு கடைக்குச் சென்றனர். அவர்கள் வெளியே நிற்க, டீச்சர் உள்ளே சென்று தம் விருப்பப்படி தேர்ந்தெடுத்து வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் நெரிசலில் ஆட்டோ நின்றுவிட, டீச்சர் பேச்செடுத்தார். "உங்க வேதத்துலயும் மாதா இருக்காங்களாமே?" திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தாம் என்றும், 19ஆம் அத்தியாயத்துக்கே அவர் பெயர்தான் என்றும் எங்கள் வீட்டு மருமகள் சொன்னார். பிறகு பிரசவ வேதனையில் மர்யம் (அலை) ஒரு பேரீச்ச மரத்தடியை நாடிச் சென்றதையும், இதற்கு முன்பே இறந்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக்கூடாதா என்று அவர் கலங்கியதையும், காலடியில் ஊற்று ஓடியதையும், மரத்தை உலுக்கினால் கனிந்த பழம் விழும் என்று ஆறுதல் கூறப்பட்டதையும் விவரித்தார். டீச்சர் கவனமாகக் கேட்டார்.

"சூசையப்பர் எங்க?" என்றார்.

"எங்க வேதத்துல அவர் இல்ல டீச்சர்."

"அப்ப கூட யாருமே இல்லையா? அந்த நேரத்துல தனியாவா?"

"அல்லாஹ் இருந்தான்" என்றார் அம்மா.

டீச்சர் சற்று நேரம் பேசவில்லை. மடியிலிருந்த பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குப் பிறக்கப் போறவரே ஆண்டவர்தான்மா" என்றார். அம்மா மறுத்து எதுவும் கூறவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. ஆட்டோ நகர்ந்தது. வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது டீச்சர் மருமகளிடம், "அந்தப் பேரீச்ச மரக் கதையை இன்னொரு நாள் முழுசாச் சொல்லு" என்றாராம்.

நபி (ஸல்) அவர்களின் வரலாற்றில் நாம் திரும்பத் திரும்பப் படிக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் அந்த ஆட்டோவில் எங்களுக்குப் புதிதாக விளங்கின. அபிசீனியாவில் அடைக்கலம் தேடிய நம் முன்னோரிடம் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அவர்களுடைய மார்க்கத்தைப் பற்றிக் கேட்டபோது, ஜஃபர் (ரலி) ஓதிக் காட்டியது ஸூரா மர்யமின் தொடக்கப் பகுதியை. அடைக்கலம் கிடைத்தது. பிற்காலத்தில் நஜ்ரானின் கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, ஈஸா (அலை) யார் என்பதில் இரு தரப்பும் உடன்படவே இல்லை. வாதம் கடுமையாகவே நடந்தது. ஆயினும் அவர்கள் தம் தொழுகையை நபியின் பள்ளிவாசலிலேயே நிறைவேற்ற அனுமதிக்கப்பட்டதாக இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். அவர்கள் பாதுகாப்பு உடன்படிக்கையோடு ஊர் திரும்பினர். ஒன்றில் மர்யமின் வரலாறு நம்மை நெருக்கமாக்கியது. மற்றொன்றில் அவருடைய மகனைப் பற்றிய நம்பிக்கை நம்மைப் பிரித்தது. திருவருகைக் காலத்தில் கிறிஸ்தவர்கள் ஈஸா (அலை) அவர்களின் பிறப்பை மட்டுமின்றி, மீண்டும் வருவதையும் எதிர்பார்க்கிறார்கள். அவர் திரும்ப வருவார் என்று நாமும் நம்புகிறோம். எந்த நிலையில் வருவார் என்பதில் மீண்டும் பிரிகிறோம்.

வாழ்த்துக் கூறலாமா என்பதும் ஆண்டுதோறும் எழும் கேள்வி. இப்னுல் கய்யிம் போன்ற முற்கால அறிஞர்கள் அதைக் கண்டிப்பாகத் தடுத்துள்ளனர். ஐரோப்பிய ஃபத்வா மன்றத்தின் அறிஞர்கள், நம்மோடு பகை பாராட்டாதவர்களிடம் நன்முறையில் நடக்குமாறு கூறும் 60ஆம் அத்தியாயத்தின் வசனத்தைச் சான்றாகக் கொண்டு அனுமதித்துள்ளனர். எங்கள் கடையில் இதற்கு ஓர் எளிய வழக்கம் உருவாகிவிட்டது. ஸ்டாரைச் சுற்றிக் கொடுக்கும்போது, "குடும்பத்தோடு நல்லா இருங்க" என்போம். அது துஆவும் ஆகும்.

2015இல் மட்டும் வாழ்த்தைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை. அந்த டிசம்பரின் தொடக்கத்தில் பெருவெள்ளம் சென்னையின் தென்பகுதியை மூழ்கடித்தது. எங்கள் கடையில் இடுப்பளவு தண்ணீர்; காகித ஸ்டார்கள் கூழாகிப் போயின. நகரெங்கும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கோயில்களும் மண்டபங்களும் மக்களுக்காகத் திறந்துவிடப்பட்டன. அவ்வாண்டு மீலாது நபி டிசம்பர் 24 அன்று வந்தது. மீலாது கொண்டாடுவது கூடுமா என்பதிலேயே நம்மிடையே ஒத்த கருத்தில்லை என்பது தெரிந்ததே. அவ்வாண்டு அந்தச் சர்ச்சைக்கும் யாருக்கும் நேரமில்லை. தெருவில் அந்த இரவு எரிந்தவை மூன்றோ நான்கோ ஸ்டார்கள் மட்டுமே. அவற்றுள் ஒன்று டீச்சர் வீட்டு வாசலில்; முந்தைய ஆண்டில் எங்களிடம் வாங்கியது.

டீச்சர் வீட்டிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்களுக்கு ஒரு தட்டு வரும். அச்சு முறுக்கும் கல்கலும் இருக்கும். பிளம் கேக்குக்கான பழங்களை அவர் வீட்டு வழக்கப்படி ரம்மில் ஊறவைப்பார்கள். எங்களுக்கென்று ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய பழங்களோடு தனியாக ஒரு கேக் செய்வார். மாவு கலக்கும் பாத்திரமும் வேறு. இதை நாங்கள் கேட்டுப் பெறவில்லை. எப்போதோ ஒருமுறை அம்மா தயங்கியதைக் கண்டு அவரே செய்துகொண்ட ஏற்பாடு.

2025இல் ரமளான் நோன்பும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் மார்ச் மாதத்தின் முதல் வாரத்திலேயே அடுத்தடுத்துத் தொடங்கின. வழக்கம்போல நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பேரன் டீச்சர் வீட்டுக்குப் போனான். போன வேகத்தில் வாளியோடு திரும்பி வந்தான். தவக்காலம் முழுவதும் டீச்சர் கறி தொடுவதில்லையாம். எங்கள் கஞ்சியில் கொத்துக்கறி உண்டு. மறுநாள் முதல் அம்மா அஸருக்குப் பின் அடுப்பில் இரண்டு பாத்திரங்களை ஏற்றினார். சிறிய பாத்திரத்துக்குக் கரண்டியும் தனி.